சங்கிலி ஒருவரா, இருவரா? யாழ்ப்பாண அரசின் வரலாறும் மானிப்பாய் தந்த இரு அறிஞர்களும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட கடைசித் தமிழ் மன்னன் யார் என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் தயங்காமல் சங்கிலி என்று விடை கூறுவர். மன்னாரில் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர்களைக் கொல்வித்த மன்னன் யார் என்று கேட்டாலும் அதே பெயரையே கூறுவர். மன்னார்ச் சம்பவம் நிகழ்ந்தது 1544இல். நல்லூர் அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். இரண்டுக்கும் இடையே 75 ஆண்டுகள். 1544இல் அரியணையில் அமர்ந்து மன்னாருக்குப் படை அனுப்பிய ஒருவர், 1619இலும் களத்தில் நின்று போரிட்டிருக்க முடியுமா?

இது எளிய கணக்கு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நம்மவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்து விடை கண்டவர்களுள் முதன்மையானவர் மானிப்பாயிற் பிறந்தவர். அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்தின் சரித்திரத்தை உரைநடையில் எழுதி அச்சேற்றிய மற்றோர் அறிஞரும் அதே ஊரவர். ஒரு சிறிய அரசு தன் வரலாற்றை எவ்வாறு இழந்தது, அதன் ஒரு பகுதியேனும் எவ்வாறு மீட்கப்பட்டது என்பதை இவ்விருவரையும் முன்னிறுத்தி எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

சிறிய அரசும் பெரிய அயலாரும்

யாழ்ப்பாண அரசு நிலப்பரப்பால் மிகச் சிறியது. குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் அதன் மையம். வன்னியின் பகுதிகளும் மன்னாரும் அரசரின் வலிமைக்கேற்ப அதன் ஆணைக்கு உட்பட்டும் விலகியும் இருந்தன. குடாநாடு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி எனப் பிரிந்திருந்தது. இப்பெயர்களை நாம் இன்றும் வழங்கி வருகிறோம். மானிப்பாய் வலிகாமத்தைச் சேர்ந்தது.

ஆரியச்சக்கரவர்த்திகள் என்று பெயர் பெற்ற மன்னர்கள் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரலாற்றில் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றனர். பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் படைத்தலைவனாக ஆரியச்சக்கரவர்த்தி ஒருவன் யாப்பகூவா மீது படையெடுத்துப் புத்தரின் தந்தச் சின்னத்தைப் பாண்டி நாட்டுக்குக் கொண்டு சென்றான் என்பதைச் சூளவம்சம் கூறுகிறது. பாண்டியப் பேரரசு தளர்ந்ததும் யாழ்ப்பாணத்தில் இக்குலத்தவர் தனியரசர் ஆயினர். 1344இல் இலங்கை வந்த அரபுப் பயணி இபன் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியிற் சந்தித்தார். அம்மன்னரிடம் முத்துகள் குவிந்திருந்ததையும், அவர் பாரசீக மொழி அறிந்திருந்ததையும், தாம் சிவனொளிபாத மலைக்குச் செல்ல அவர் உதவியதையும் எழுதி வைத்தார்.

முத்துக் குளிப்பு, சங்கு, யானை ஏற்றுமதி, துறைமுக வரி ஆகியவையே இவ்வரசின் பொருள் வலிமை. வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டு வரப்பட்டு ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின. அரசர் வெளியிட்ட நாணயங்களில் நந்தி உருவமும் சேது என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. அரசவையின் ஆதரவில் சோதிடமும் வைத்தியமும் நூல்களாயின. சேகராசசேகரமாலை, பரராசசேகரம் என்னும் நூற்பெயர்களே அதற்குச் சான்று. அரச குடும்பத்தவரான அரசகேசரி இரகுவம்சத்தைத் தமிழிற் பாடினார்.

ஆனால் சிறிய அரசுக்குரிய இடர் எப்போதும் உடனிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தளபதி சப்புமல் குமாரயா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். அவனையே நம்மவர் செண்பகப் பெருமாள் என்று அழைத்தனர். அவன் கோட்டைக்குத் திரும்பி அரசுரிமைப் பூசலில் இறங்கிய வேளையில், 1467ஆம் ஆண்டளவில், கனகசூரிய சிங்கையாரியன் நாட்டை மீட்டான். அதன்பின் எஞ்சியிருந்த சுதந்திர வாழ்வு ஒன்றரை நூற்றாண்டு மட்டுமே.

1543இல் போர்த்துக்கேயரின் முதற் படையெடுப்பு வந்தது. 1560இல் கோவாவின் ஆளுநர் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா நல்லூரைத் தாக்கினார். தலைநகரை நிலையாகப் பிடித்து வைத்திருக்க அவரால் இயலவில்லை. மன்னார்த் தீவு மட்டும் போர்த்துக்கேயர் கையில் நிலைத்தது. 1591இல் அந்திரே புர்த்தாது த மெந்தொன்சாவின் படையெடுப்பில் அப்போதைய மன்னன் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கம் போர்த்துக்கேயரின் தயவில் அரியணை ஏறினான். அன்றே அரசின் சுதந்திரம் பாதி போய்விட்டது எனலாம்.

எதிர்மன்னசிங்கத்தின் மறைவுக்குப் பின் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றிய சங்கிலி குமாரன், தஞ்சை இரகுநாத நாயக்கரின் படை உதவியை நாடினான். 1619இல் பிலிப்பு த ஒலிவேரா நல்லூரைக் கைப்பற்றினான். சிறைப்பட்ட மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1623இல் கொல்லப்பட்டான். 1621இல் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடிப்பித்து, ஆட்சித் தலைமையிடத்தை யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான்.

வைபவமாலையின் முடிச்சு

மேலே சொன்ன வரலாறு இவ்வளவு ஒழுங்காக நம் முன்னோர் கையில் இருந்ததில்லை. அவர்களிடம் இருந்தவை கைலாயமாலை, வையாபாடல் போன்ற செய்யுள் நூல்களும் செவிவழிச் செய்திகளுமே. நல்லூரில் சரசுவதி மகாலயம் என்றோர் ஏட்டுச் சாலை இருந்ததென்று மரபு கூறும். அரசவையில் எழுதப்பட்ட கணக்கோ ஓலையோ திருமுகமோ தொகுதியாக நமக்கு எட்டவில்லை.

அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னர், 1736ஆம் ஆண்டளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். நூல் மேக்கறூன் எனக் குறிப்பிடும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளே அதற்குக் காரணமாயிற்று. பழைய நூல்களையும் தாம் கேட்டறிந்த செய்திகளையும் கோத்து ஒரு தொடர் வரலாறு ஆக்கிய புலவரின் பணி போற்றத்தக்கது. அந்த நூல் இல்லையேல் நாம் இழந்திருக்கும் செய்திகள் பல. 1879இல் பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

ஆனால் புலவரின் கையில் போர்த்துக்கேய ஆவணங்கள் இல்லை. ஆண்டுகளைச் சரிபார்க்கக் கல்வெட்டுகளும் இல்லை. மன்னர்களோ பட்டமேறும்போது பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் இரு பெயர்களையே மாறி மாறிச் சூடினர். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே பட்டப்பெயர் வரும் குலத்தில், நினைவை மட்டும் நம்பி எழுதும் வரலாறு குழம்பாமல் இருப்பது அரிது. அவ்வாறே இரண்டு சங்கிலிகள் ஒரு சங்கிலி ஆயினர். மன்னார்க் கொலைகளைச் செய்வித்த மன்னனே போர்த்துக்கேயரிடம் நாட்டைத் தோற்றவனாகவும் வைபவமாலையிற் காட்சியளிக்கிறான். இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டும் அக்காலத்தில் ஆண்ட மன்னர்களும் கதையிலிருந்து நழுவிவிட்டனர்.

இதனால் நேர்ந்த தீங்கு பெயர்க் குழப்பத்தோடு நின்றுவிடவில்லை. 1544இன் கொடுமையே 1619இன் வீழ்ச்சிக்கு நேர்க் காரணம் என்பது போன்ற ஒரு தோற்றம் உண்டாயிற்று. பாவத்துக்குத் தண்டனை கிடைத்தது என்று சிலர் அமைதி கொண்டனர். காக்கை வன்னியன் என்ற ஒருவனின் துரோகத்தால் நாடு போயிற்று என்று வேறு சிலர் அமைதி கொண்டனர். முத்தும் யானையும் இந்துமாக்கடல் வணிகமும், கோவாவின் கணக்கும், அரியணைக்காக நடந்த உட்பூசலும் இக்கதைகளுக்குள் இடம்பெறவில்லை.

மானிப்பாயின் இருவர்

மானிப்பாயை இன்று பலரும் மருதடிப் பிள்ளையார் கோவிலாலும், மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியசாலையாலும், 1910இல் தோன்றிய இந்துக் கல்லூரியாலும் அறிவர். 1842இல் அமெரிக்க மிஷன் அச்சகத்திற் பதிப்பிக்கப்பட்ட தமிழ் அகராதிக்கு மானிப்பாய் அகராதி என்றே பெயர் வழங்கிற்று. சொற்களைத் தொகுத்து ஒழுங்குசெய்யும் மரபு இவ்வூருக்குப் புதியதன்று.

அம்மரபில் வந்தவர் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. 1902இல் அவர் வெளியிட்ட அபிதான கோசம் தமிழில் தோன்றிய முதற் கலைக்களஞ்சியம் எனப் போற்றப்படுகிறது. 1910இல் வெளிவந்து புகழ்பெற்ற அபிதான சிந்தாமணிக்கு எட்டு ஆண்டுகள் முற்பட்டது அது. 1912இல் அவரது யாழ்ப்பாணச் சரித்திரம் வெளிவந்தது. செய்யுளை விடுத்து, பொதுமக்கள் படித்து விளங்கிக்கொள்ளும் உரைநடையில் ஊர்களையும் குடிகளையும் அரசுகளையும் பற்றி அவர் எழுதினார். அதில் மரபுச் செய்திகளுக்கு இடம் மிகுதி. ஆயினும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு, அதனைத் தமிழிலேயே எழுதிப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது நிலைநாட்டியது.

இரண்டாமவர் சுவாமி ஞானப்பிரகாசர். 1875இல் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் வைத்தியலிங்கம் என்ற பெயருடன் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே மறைய, பின்னர் கத்தோலிக்கரானார். 1901இல் குருப்பட்டம் பெற்று, நல்லூரில் நெடுங்காலம் பணியாற்றி, 1947இல் மறைந்தார். சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைத் தொடங்கிச் சில பகுதிகளை வெளியிட்ட பன்மொழி அறிஞர் அவர்.

போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாண மன்னர்களைப் பற்றி 1920இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூலும், 1928இல் வந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் ஒரு புதிய வழியைத் திறந்தன. வழி எளியதே. வைபவமாலையை ஒரு பக்கம் வைத்தார். போர்த்துக்கேயரின் வரலாற்று நூல்களையும் மிஷனரிமாரின் கடிதங்களையும் மறுபக்கம் வைத்தார். சிங்கள நூல்களையும் துணைக்கொண்டார். பெயரையும் ஆண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். மன்னார்க் கொலைகள் நிகழ்ந்த காலத்திலேயே புனித சவேரியார் எழுதிய கடிதங்கள் அவற்றைக் குறிப்பிடுவதால் அந்நிகழ்ச்சியின் ஆண்டு ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. கோவா அதிகாரிகளின் பதிவுகளால் கடைசி மன்னனின் முடிவும் தெரிகிறது. இரண்டையும் ஒரே ஆள்மீது ஏற்ற முடியாது. சங்கிலியர் இருவர் என்பதும், அவர்களுக்கிடையே வேறு மன்னர்கள் ஆண்டனர் என்பதும் இவ்வாறு தெளிந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஞானப்பிரகாசர் தம் மக்களுக்கு இனிப்பதை மட்டும் எழுதவில்லை. குடாநாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றுக்குச் சிங்கள மூலம் கூறித் தனிக்கட்டுரை எழுதியவரும் அவரே. தம் மதத்தவர் எழுதிய ஆவணங்களை அவர் கூடுதலாக நம்பினார் என்று குறைகூறியோரும் உண்டு. ஆரியச்சக்கரவர்த்திகளின் பூர்வீகம் பற்றிய அவரது கருத்தைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை. 1926இல் பண்டைய யாழ்ப்பாணத்தைப் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்ட முதலியார் செ. இராசநாயகம் வேறு வழியில் சென்றார். 1978இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றி விரிவான ஆய்வு நூல் தந்த பேராசிரியர் சி. பத்மநாதன், அவர்களைப் பாண்டி நாட்டுத் தொடர்புடையோராகக் கண்டார். ஓர் ஆய்வாளரின் முடிவு மறுக்கப்படலாம். அவர் கைக்கொண்ட முறை நிலைத்து நிற்கிறது. சான்றோடு மறுப்பதற்கும் அவரே வழிகாட்டினார்.

ஜேர்மனியின் ஒரு சிறிய நாடு

யாழ்ப்பாணம் போன்ற சிறிய அரசுகள் உலகில் எங்கும் இருந்தன. ஜேர்மனி ஒன்றுபடுமுன் அந்நிலம் நூற்றுக்கணக்கான சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றுள் ஒன்று சாக்சன் குலத்தவர் ஆண்ட கோத்தா. 1640இல் தனிக் கோமகவாக அமைந்த அந்நாட்டை ஆண்ட ஏர்ன்ஸ்ட் என்பவர், முப்பதாண்டுப் போர் முடியுமுன்பே, 1642இல், பிள்ளைகள் யாவரும் பள்ளி செல்ல விதிமுறை வகுத்தார். 1675இல் அவர் மறைந்ததும் நாடு அவருடைய ஏழு புதல்வர்களுக்கும் பங்கிடப்பட்டது. பின்னாளில் கோத்தா கோபூர்க்குடன் இணைந்தது. 1840இல் விக்டோரியா மகாராணியை மணந்த இளவரசர் அல்பேட் அந்த மரபினரே. 1918இல் முடியாட்சி ஒழிந்தது. 1920இல் கோத்தா துரிங்கியாவுடனும், மக்கள் வாக்கெடுப்பின்படி கோபூர்க் பவேரியாவுடனும் சேர்ந்தன. நாடு என்ற அளவில் அது இன்று இல்லை.

ஆயினும் கோத்தாவின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுத இயல்கிறது. அவர்களுடைய அரண்மனையான பிரீடன்ஸ்டைனில் நூலகமும் ஆவணங்களும் தொடர்ந்து பேணப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட நூல்களிற் பெரும்பகுதி 1950களில் திரும்பி வந்தது. அந்த அரசு மணஉறவாலும் பங்கீட்டாலும் உடன்பாட்டாலும் உருமாறிற்று. ஆள்பவர் மாறியபோது ஏடுகள் அதே கட்டடத்தில் இருந்தன.

நல்லூர் அப்படி முடியவில்லை. அது படையெடுப்பால் முடிந்தது. அரண்மனை அழிந்தது; கோவில் இடிந்தது; தலைநகரம் இடம் மாறிற்று. எனவே நம் வரலாற்றின் ஏடுகள் நம்மை வென்றவர்களிடம் உள்ளன. போர்த்துக்கேயரின் பதிவுகளுக்குக் கோவாவையும் லிஸ்பனையும் நாட வேண்டும். ஒல்லாந்தரின் பதிவுகள் கொழும்பிலும் ஹேக் நகரிலும் உள்ளன. பெர்னாவோ த குவேறோஸ் என்னும் யேசுசபைக் குருவானவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையைப் பற்றி எழுதிய பெருநூலின் கையெழுத்துப் பிரதி பிரேசிலின் ரியோ நகர் வரை சென்றது. 1930இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் வெளிவந்தது. வென்றவர் எழுதியதை வரிக்கு வரி ஐயுற்று, அதே வேளை வரிக்கு வரி பயன்படுத்திக்கொள்ள வேண்டிய நிலை நம்முடையது.

ஏட்டில் எஞ்சிய அரசு

அரசு போயிற்று, அதன் வழமைகள் முற்றாகப் போய்விடவில்லை. ஒல்லாந்தர் தம் நீதிமன்றங்களில் உள்ளூர் வழக்கங்களை அறிந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 1706இல் ஆளுநர் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழக்கங்களைத் தொகுத்து 1707 சனவரியில் அளித்தார். அது தமிழாக்கப்பட்டு 12 முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய சொற்களை இன்றும் உறுதி எழுதும் நொத்தாரிசு முதல் வழக்காடும் சட்டத்தரணி வரை யாவரும் கையாள்கின்றனர்.

இதனையும் விமரிசனத்தோடு படிக்க வேண்டும். தேசவழமை நல்லூர் அரசரின் சட்டப் புத்தகம் அன்று. அரசு வீழ்ந்து 88 ஆண்டுகளுக்குப் பின் அந்நியர் ஒருவர் தொகுத்தது. போர்த்துக்கேயர் காலத்தில் வழக்கங்கள் மாறியதை அந்நூலே ஒப்புக்கொள்கிறது. அடிமைகளைப் பற்றிய பகுதியும் அதில் உண்டு. இலங்கையில் அடிமை முறை 1844இலேயே ஒழிக்கப்பட்டது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. அதனைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பழையது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடாது. பழையது என்பதாலேயே அதனை எறிந்துவிடவும் கூடாது.

நாம் செய்யக் கூடியது

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் மானிப்பாய் வலிகாமத்துக் கோவிற்பற்றுகளுள் ஒன்றாக விளங்கியது. யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த ஒல்லாந்தக் குரு பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலிலும் அதன் பெயர் உள்ளது. அவ்வாறு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பழைய பதிவு உண்டு. அப்பதிவுகளை அந்நியரின் நூலிற் கண்டு மகிழும் நாம், நம் வீட்டில் இருப்பதைக் காப்பாற்றுகிறோமா?

1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டு வெளியேறியபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போனோர் பலர். கோவிற் கணக்கையும் பாட்டனார் எழுதிய ஏட்டையும் எடுத்துச் செல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. போரில் எஞ்சியவற்றைக் கறையானும் மழையும் அழித்து வருகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் வீடுகளில் பழைய பெட்டிகள் திறக்கப்படாமலே குப்பைக்குப் போகின்றன.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் போன்ற முயற்சிகள் அச்சு நூல்களையும் ஆவணங்களையும் படமெடுத்துக் காத்து வருகின்றன. ஆனால் எந்த நிறுவனமும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் தேடி வர இயலாது. தோம்பின் படி, பழைய உறுதி, கோவில் உபயக் கணக்கு, பள்ளிக்கூட இடாப்பு, ஊர்ச் சங்கக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றைத் தூக்கி எறியுமுன் படமாவது எடுத்து வைக்கலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடையது என்று மூன்று வரி எழுதிச் சேர்க்கலாம். ஆசிரியர்களும் சனசமூக நிலையங்களும் முன்வந்தால் ஓர் ஊருக்கு ஒரு மாதமே போதும்.

நம் அரசைப் பற்றி இருவகைப் பேச்சு நம்மைச் சுற்றி ஒலிக்கிறது. அப்படி ஓர் அரசே பெயரளவில்தான் இருந்தது என்பது ஒன்று. குறையேதுமற்ற பொற்காலம் அது என்பது மற்றொன்று. இரண்டையும் மறுக்க வல்லது சான்று மட்டுமே. 75 ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து இரண்டு சங்கிலியரைப் பிரித்தறிந்த மானிப்பாய் மைந்தர் நமக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவே. பிரித்தறிந்ததால் எந்தச் சங்கிலியும் சிறுமைப்படவில்லை. முதலாமவனின் கொடுமை அவனுடையதாகவே நின்றது. இரண்டாமவனின் முடிவுக்கு அவன் காலத்துக் காரணங்கள் கிடைத்தன. இடையில் மறக்கப்பட்ட மன்னர்கள் தத்தம் இடத்தைத் திரும்பப் பெற்றனர்.